இது நோன்பா, நோயா? – பிள்ளைகளின் உண்ணல் கோளாறுகளை அறியும் வழி

மணிமேகலைக் காப்பியத்தைப் படித்தவர்கள் காயசண்டிகையை மறந்திருக்க மாட்டார்கள். வடதிசை வித்தியாதர மங்கை. பொதிகை மலைப் பக்கம் ஆற்றங்கரையில் விருச்சிக முனிவர் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் மிதித்துக் கெடுத்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உண்ணும் முனிவர் அவர். அவர் இட்ட சாபத்தால் அவளுக்கு வந்த நோய்க்குப் பெயர் யானைத்தீ. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. புகார் நகரத்தில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு கவளம் இட்ட பிறகுதான் அது தணிந்தது.

இன்றைய மருத்துவ நூல்களில் 'புலிமியா' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் கிரேக்க வேரைத் தேடிப் பார்த்தால் 'மாட்டுப் பசி' என்று பொருள் வருகிறது. கிரேக்கன் மாட்டை நினைத்தான், நம் சாத்தனார் யானையைக் காட்டினார். நோய் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. பசி ஒரு நோயாகவும் வரும் என்ற எண்ணம் நமக்குப் புதிது அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் இதற்கு நேர் எதிரான ஒன்றுக்கு நம் பழங்கதைகளில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தட்டில் சோறு இருக்கிறது, வயிற்றில் பசி இருக்கிறது, ஊட்ட அம்மா இருக்கிறாள், பிள்ளை மட்டும் உண்ணாது. 2025 மார்ச்சில் வட கேரளத்தில் 18 வயது மாணவி ஒருத்தி இப்படித்தான் இறந்தாள். எடை கூடிவிடும் என்ற பயத்தில் பல மாதம் சாப்பாட்டைக் குறைத்து, வீட்டில் கொடுத்ததை மறைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அனோரெக்சியா என்ற நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதியதாக நாளிதழ்களில் படித்தோம். அந்த வாரம் முழுக்க எங்கள் சாலைக் கடைத்தெருவில் இதுவே பேச்சு. "சோறு கிடைக்காமச் செத்தவங்களைக் கேள்விப்பட்டிருக்கோம் அண்ணாச்சி, சோறு இருந்தும் செத்ததை இப்பத்தான் கேக்குறோம்" என்றார் பக்கத்துக் கடை நண்பர்.

நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து பாத்திர வியாபாரம் செய்பவன். எதையும் கையில் கிடைத்த நூல்களைப் படித்து, தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிவது என் வழக்கம். இப்படி ஒரு கோளாறு பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்பதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகோல் நம் வீடுகளில் எங்கே சரியாக நிற்கிறது, எங்கே சாய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயர்களும் வகைகளும்

1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல், பாரீசில் சார்லஸ் லாசேக் ஆகிய இரு மருத்துவர்கள் தனித்தனியே இந்நோயை விவரித்தார்கள். 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரை இட்டவர் கல். அனோரெக்சியா என்றால் பசியின்மை. இந்தப் பெயரே ஆளை ஏமாற்றும். தமிழிலும் 'பசியின்மை நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்நோயாளிக்குப் பெரும்பாலும் பசி இருக்கும். அதை அடக்குவதுதான் நோய். புலிமியா நெர்வோசா என்ற வகையை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் விவரித்தார். கட்டுப்பாடின்றி ஏராளமாகத் தின்பது, பிறகு வாந்தியாலோ வேறு வழியாலோ அதை ஈடுகட்டப் பார்ப்பது இதன் இயல்பு.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட ஐந்தாம் வகைப்பாட்டு நூலில் இரண்டு முக்கிய மாற்றங்கள் வந்தன. மாதவிலக்கு நின்றிருந்தால்தான் அனோரெக்சியா என்ற பழைய விதியை எடுத்துவிட்டார்கள். பூப்பெய்தாத சிறுமிகளும் ஆண்பிள்ளைகளும் அந்த விதியால் விடுபட்டுப் போனார்கள் அல்லவா? இரண்டாவது, 'தவிர்த்தும் குறைத்தும் உண்ணும் கோளாறு' என்று ஒன்றைத் தனியே பிரித்தார்கள். இதில் உடல் பருமனைப் பற்றிய பயமே கிடையாது. ஒரு தடவை இட்லி தொண்டையில் அடைத்தது என்பதற்காகக் கெட்டி உணவையே விட்டுவிட்ட பிள்ளை, குழைவானது எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்கிற பிள்ளை, சாப்பாட்டிலேயே நாட்டம் இல்லாத பிள்ளை எல்லாம் இதில் வரும். எடையும் வளர்ச்சியும் பாதிக்கும் அளவுக்குப் போனால்தான் அது கோளாறு. கத்தரிக்காய் பிடிக்காது என்பதெல்லாம் நோய் ஆகாது, பயப்பட வேண்டாம்.

இவை தவிர மண், சாக்பீஸ், சாம்பல் தின்னும் பழக்கமும் ஒரு வகை. 'பைக்கா' என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது உண்டு என்பதால் அடிப்பதை விட்டு இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

இது பணக்கார நாட்டு நோயா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்" என்று நம்மவர்கள் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். நம் பக்கத்துச் சான்றுகளைப் பார்ப்போம். சென்னையில் ஸ்ரீனிவாசன் முதலிய மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். 31 பேரிடம் உணவு சார்ந்த மனச்சங்கடம் இருந்தது. நோய் என்று முத்திரை குத்தும் அளவுக்குப் போகாத நிலை அது. அடுத்து 1998இல் அதே குழுவினர் நம் நாட்டுக்கென்று ஒரு கேள்வித்தாளையும் உருவாக்கினார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகள் மனநலப் பிரிவுக்கு 2000 முதல் 2005 வரை வந்தவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. அங்கு வந்த பிள்ளைகளில் 41 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 1.25 பேருக்கு, உண்ணல் கோளாறு இருந்தது. அதில் ஒரு வியப்பு: பெரும்பாலோருக்கு, நூற்றுக்கு 85 பேருக்கு, இருந்தது மனக்காரணத்தால் வரும் வாந்தி. அனோரெக்சியா மீதிப் பேருக்கே. மேல்நாட்டு நூலில் முதல் பக்கத்தில் வருவது நம்மிடம் பின்வரிசையில் இருந்தது.

தில்லியில் 1995இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. உண்ண மறுத்தார்கள், மெலிந்தார்கள், மாதவிலக்கு நின்றது. ஆனால் 'நான் குண்டாக இருக்கிறேன்' என்ற பிம்பக் குழப்பம் அவர்களிடம் தெரியவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவர் 1993இல் 70 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதும் 41 பேரிடம் பருமனைப் பற்றிய பயம் காணப்படவில்லை. வயிறு நிறைந்து இருக்கிறது, உப்புசம், பிடிக்கவில்லை என்றே சொன்னார்கள். ஆகவே "எங்க பொண்ணு ஒரு தடவைகூட குண்டாயிடுவேன்னு சொன்னதில்லை" என்று ஒரு தாய் சொல்வது நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஊர் மாறினால் நோயும் மாறும். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதும் 1998லும் பள்ளி மாணவிகளைக் கேட்டுப் பார்த்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதலில் ஒருவரும் இல்லை. மூன்றாண்டில் நூற்றுக்கு 11.3 பேர் ஆனார்கள். தொலைக்காட்சிக்கே இந்தக் கதி என்றால், இன்று பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கும் போனைப் பற்றி நான் தனியே எழுத வேண்டியதில்லை.

பிள்ளைகளை அளப்பதில் உள்ள சிக்கல்

பெரியவருக்கு எடை இறங்கினால் கவலைப்படுகிறோம். பிள்ளைக்கு எடை இறங்க வேண்டியதே இல்லை, ஏறாமல் நின்றாலே அது இறக்கம்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஓராண்டாக ஒரே எடை. "கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நல்லாத்தான் இருக்கா" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை மருத்துவர் பழைய தடுப்பூசி அட்டை முதல் எல்லாவற்றையும் வாங்கி வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தார். பத்து வயது வரை ஒரே பாதையில் ஏறிய கோடு, பன்னிரண்டில் படுத்துவிட்டது. அந்தப் பெண் தன் டிபன் பாக்ஸை நாள்தோறும் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டது அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயது வரையிலான நம் பிள்ளைகளுக்கென்றே திருத்திய வளர்ச்சி வரைபடங்களை 2015இல் வெளியிட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அதில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு நாள் எடையைவிட நான்காண்டுக் கோடு அதிகம் பேசும்.

முதலில் பருமனாக இருந்த பிள்ளையிடம் இது இன்னும் ஒளிந்துகொள்ளும். வேகமாக மெலியும்போது எல்லோரும் பாராட்டுவார்கள். பார்வைக்குச் சராசரி எடை இருக்கும், நாடித்துடிப்போ ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல், சிறு பிள்ளைக்குத் தன் மனதைச் சொல்ல வராது. "உடல் வடிவம் உன் மதிப்பைத் தீர்மானிக்கிறதா" என்று கேட்டால் பத்து வயதுக்கு என்ன விளங்கும்? அது வயிற்றுவலி என்றே சொல்லும். மூன்றாவது, நோயே மறைப்பைக் கற்றுக்கொடுக்கிறது. ஆகையால் பிள்ளையைத் தனியே, பெற்றோரைத் தனியே, முடிந்தால் ஆசிரியரையும் கேட்டு மூன்று வாக்கையும் ஒப்பிடுவதே முறை. நாங்கள் கடையில் பேரேட்டையும் பில் புத்தகத்தையும் சரக்கையும் ஒத்துப் பார்ப்பது போல.

ஆண்பிள்ளைகளை யாரும் சந்தேகிப்பதில்லை. அவர்களுக்கும் இது வரும். சிலரிடம் மெலிய வேண்டும் என்பதைவிடத் தசை முறுக்கேற வேண்டும் என்ற வெறியாக இருக்கும்.

கேள்வித்தாள்கள் என்ன செய்யும், என்ன செய்யாது

இதற்கென்று வந்த கேள்வித்தாள்களில் பெயர் பெற்றது கார்னர், கார்ஃபின்கல் என்பவர்களின் 'ஈட்' தாள். 1979இல் 40 கேள்விகளாக வந்து, 1982இல் 26 ஆகச் சுருங்கியது. 20 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது கணக்கு. சிறுவர்களுக்காக எளிய சொற்களில் மாற்றியமைத்த தாள் 1988இல் வந்தது. எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கும் நேர்காணல் முறையை கூப்பரும் ஃபேர்பர்னும் 1987இல் வெளியிட்டார்கள். அதன் சிறுவர் வடிவம் 1996இல் வந்தது. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது, ஆனால் நம்பகம் அதிகம்.

மிகச் சுருக்கமானது 'ஸ்காஃப்'. 1999இல் இலண்டனில் உருவானது. ஐந்தே கேள்விகள். வயிறு முட்டி வாந்தி எடுக்கிறாயா, உண்ணும் அளவில் கட்டுப்பாடு போய்விட்டதோ என்று கவலையா, மூன்று மாதத்தில் ஒரு 'ஸ்டோன்' எடை குறைந்ததா, மற்றவர் ஒல்லி என்று சொல்லும்போதும் நீ குண்டு என்று நினைக்கிறாயா, உணவே உன் வாழ்வை ஆள்கிறதா என்பன அவற்றின் சாரம். இரண்டுக்கு 'ஆம்' வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

தராசு விற்றவன் என்பதால் அந்த 'ஸ்டோன்' என் கண்ணில் பட்டது. அது 14 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 6.35 கிலோ. வளர்ந்த பெண்களை வைத்துச் சோதித்த தாள் அது. 30 கிலோ பிள்ளைக்கு ஆறு கிலோ குறையும் வரை காத்திருந்தால் என்ன ஆவது? கடைசிக் கேள்வியும் நம்மிடம் தடுமாறும். உணவுதான் உங்கள் வாழ்வை ஆள்கிறதா என்று சாலையில் ஹோட்டல் நடத்தும் நண்பரைக் கேட்டால், "ஆமா அண்ணாச்சி, அதுல என்ன சந்தேகம்" என்பார்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். முதல் ஆய்வில் ஸ்காஃப் நோயுள்ள எல்லோரையும் பிடித்தது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 12.5 பேரையும் சேர்த்துப் பிடித்தது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரும் சிக்குவார்கள். மீதி 990இல் ஏறக்குறைய 124 பேரும் சிக்குவார்கள். மொத்தம் 134. அதில் உண்மை நோயாளி பத்துப் பேர். எனவே கேள்வித்தாளில் மாட்டியது நோய் உறுதி ஆனதாக அர்த்தமில்லை. அது சல்லடை, அவ்வளவுதான். சல்லடையில் நின்றதை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது மருத்துவர் வேலை. தைராய்டு, காசநோய், நீரிழிவு, குடல் நோய்கள், மனச்சோர்வு ஆகியவையும் பிள்ளையை மெலிய வைக்கும் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும்.

மொழி மாறினால் அளவும் மாறும்

மாநிலம் விட்டு வந்து வாழும் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளை வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், தோழர்களிடம் ஆங்கிலம். எந்த மொழியில் கேட்டால் அது உண்மை சொல்லும்? மலையாளத்தில் 'வண்ணம் வைத்தது' என்றால் உடல் பெருத்தது என்று பொருள். தமிழ்ப் பாட்டிக்கு அது நிறம். ஆலோசகர் "வண்ணம் கூடுமோ என்று குழந்தைக்குப் பேடியா" என்று கேட்க, பாட்டி, "எங்க பிள்ளை மாநிறம்தான், அதுக்கென்ன பயம்" என்று சொன்ன வேடிக்கையைக் கேட்டிருக்கிறேன். 'க்ஷீணிச்சுப் போயி' என்று இங்கே அன்பாகச் சொல்வார்கள். இளைத்துவிட்டாய் என்ற கரிசனம் அது. மெலியத் துடிக்கும் பிள்ளைக்கோ அது பரிசு வாங்கியது போல இருக்கும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, பிள்ளைக்கு எந்த மொழியில் மனம் திறக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் நீங்களே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தால் அது பேசாது.

நோன்பும் நோயும்

இப்போது எனக்கு மிக நெருங்கிய இடத்துக்கு வருகிறேன். 1989இல் கிங், புக்ரா என்ற இரு மருத்துவர்கள் வட இந்திய ஊர் ஒன்றில் 580 பள்ளி மாணவிகளுக்கு ஈட் தாளைக் கொடுத்ததை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 29 பேர் அபாயக் கோட்டுக்கு மேல் வந்தார்கள். விசாரித்தால், சில கேள்விகளை மாணவிகள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவில் மனக்கட்டுப்பாடு காட்டுகிறாயா என்ற பொருளில் கேட்டால், விரதம் இருக்கும் வீட்டுப் பெண் பெருமையோடு 'எப்போதும்' என்று எழுதத்தானே செய்வாள்?

நான் சமணன். சூரியன் மறைந்த பின் உண்ணாத வீட்டில் வளர்ந்தவன். சதுர்த்தசியும் தசலட்சண நாட்களும் உபவாசமும் எனக்குத் தாய்ப்பால் போல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் பழங்கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றுக்கும் அது முக்கியமான கல்வெட்டு. அந்தப் பாறையின் முன் நின்று நான் கை கூப்பியிருக்கிறேன். ஆனால் அவர் முதிர்ந்த துறவி. அந்த நோன்பு வாழ்வை நிறைவு செய்யும் நோன்பு. அதைப் பிள்ளைக்கு அளவாகக் காட்டக் கூடாது. 2016 அக்டோபரில் ஹைதராபாத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 68 நாள் உபவாசத்துக்குப் பின் இறந்தபோது நாடே விவாதித்தது. அது உண்ணல் கோளாறு என்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தைப் பழிக்கவும் இது இடமல்ல. வளரும் உடலுக்கு, நோக்கம் எதுவானாலும், பட்டினி பட்டினிதான் என்பது மட்டும் உண்மை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம் பதினாறு பாவனைகளை எண்ணும்போது, தவத்தைச் 'சக்திக்கு ஏற்ற' தவம் என்றே வைக்கிறது. சக்தி மிஞ்சிய தவத்தை எங்கள் நூலே கேட்கவில்லை.

ஏகாதசி, சஷ்டி, ரமலான், தவக்காலம் என்று ஏதோ ஒரு நோன்பு இல்லாத வீடு நம் சங்கத்தில் இல்லை. நோய் இந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரக்கூடும். எப்படிப் பிரித்தறிவது? நான் படித்ததையும் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நோன்புக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நோய் சனிக்கிழமையில் ஆரம்பித்து வாரம் முழுக்கப் பரவும். நோன்பாளி பாரணை நாளில் மகிழ்ந்து உண்பார். நோயுற்ற பிள்ளைக்குப் பாரணைதான் பெரிய பயம். நோன்பை வீடே அறியும். நோய் மறைக்கும், பொய் சொல்லும். நோன்பாளி கண்ணாடி முன்னும் எடை இயந்திரத்தின் மேலும் நிற்பதில்லை. உடம்பு முடியவில்லை, இம்முறை வேண்டாம் என்று பெரியவர் சொன்னால் நோன்பாளி வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார். நோயுற்ற பிள்ளை கதறும், கோபப்படும், வேறு வழி தேடும். இவற்றில் ஒன்றிரண்டு பொருந்தினாலே, 'என்ன பக்தி பாருங்க' என்று மெச்சுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் கண்ணில் படுபவை

எல்லோரோடும் உட்கார்ந்து உண்பதைத் தவிர்ப்பது. சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய் நெடுநேரம் இருப்பது. மற்றவருக்கு ஆசையாகச் சமைத்துப் போட்டுத் தான் தொடாமல் இருப்பது. திருவனந்தபுரத்து வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்வது. கை கால் சில்லிடுவது, முடி கொட்டுவது, கன்னத்திலும் முதுகிலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் வளர்வது. மாதவிலக்கு தவறுவது. விரல் முட்டிகளில் காய்ப்பு, பல் எனாமல் தேய்வு, தாடை ஓரம் வீக்கம் ஆகியவை அடிக்கடி வாந்தி எடுப்பதன் அடையாளங்கள்; பல் மருத்துவர்தான் இதை முதலில் காண்பது உண்டு. ஓய்வே இல்லாமல் உடற்பயிற்சி. சோற்றைப் பற்றியே ஓயாத நினைப்பு.

இந்தக் கடைசி அடையாளத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1944, 45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான ஆண்களைச் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களுக்கு முன்பு எந்த மனநோயும் இல்லை. பட்டினி முற்ற முற்றச் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சோறே கனவானது, எரிச்சலும் சோர்வும் மேலோங்கின, நண்பரை விலக்கினார்கள். பட்டினி மூளையையே மாற்றுகிறது. ஆகவே "திமிரு, வேற ஒண்ணுமில்லை" என்று பிள்ளையைத் திட்டுவதில் பயன் இல்லை. அதன் பிடிவாதத்தில் ஒரு பங்கு பட்டினி பேசுவது.

மயக்கம், நெஞ்சுவலி, வாந்தியில் இரத்தம், தண்ணீரும் வேண்டாம் என்பது, விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழ் போவது, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. இன்னொரு எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பாசத்தில் ஒரே நாளில் விருந்து வைக்கக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட் உப்பு திடீரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். இரண்டாம் உலகப்போரில் விடுதலையான கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட உண்மை இது. மீண்டும் ஊட்டுவது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

எங்கே போவது, என்ன செய்வது

முதலில் உங்கள் குழந்தை மருத்துவர். நம் ஊரில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பிள்ளைகளுக்கான எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியும், குழந்தை வளர்ச்சி மையமும், கல்லூரியின் மனநலத் துறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. பேரூர்க்கடையில் அரசு மனநல மையம் இருக்கிறது. வெளியே போகத் தயங்குபவர்கள் மத்திய அரசின் டெலி-மனஸ் எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை. தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திஷா எண் 1056.

சிகிச்சை உண்டு, பிள்ளைகள் தேறுகிறார்கள். இளம் வயது அனோரெக்சியாவுக்கு இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்ப வழிச் சிகிச்சை இன்று பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. யாரால் வந்தது என்று அது குற்றவாளியைத் தேடுவதில்லை. பிள்ளைக்கு உணவு எடுத்துவைக்கும் பொறுப்பைச் சில காலம் பெற்றோரிடம் கொடுக்கிறது. தேறத் தேறப் பிள்ளையிடமே திருப்பித் தருகிறது. சேர்ந்து உட்கார்ந்து உண்பது நம் குடும்பங்களுக்குப் பழகிய வழிதான். இரவு ஒன்பது மணிக்குக் கடை அடைத்துவரும் வியாபாரிகள் இதில் கொஞ்சம் மாற வேண்டும். ஒரு வேளையாவது பிள்ளையோடு உட்காருங்கள். அதன் தட்டைக் கண்காணிக்க வேண்டாம், அதோடு பேசுங்கள்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் ஒராண்டுக்குப் பின் பார்க்கும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் வார்த்தை என்ன? "என்னம்மா இப்படி உருண்டுட்டே?" அல்லது "என்ன இப்படி ஒட்டடைக்குச்சியா ஆயிட்டே?" அன்பில்தான் கேட்கிறோம். கேட்ட பிள்ளை அதை எத்தனை நாள் சுமக்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. இந்த ஆண்டு முதல் என்ன படிக்கிறாய், என்ன பாடுவாய், யார் உன் சிநேகிதி என்று கேட்போம். பந்தியில் அது என்ன உண்கிறது என்று எல்லோர் முன்னும் அறிவிக்க வேண்டாம். ஒரு பிள்ளை பந்திக்கே வரவில்லை என்றால் மட்டும், சத்தம் போடாமல் அதன் அம்மாவைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு வள்ளுவர் 'மருந்து' என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே பெரும்பகுதி சாப்பாட்டின் அளவைப் பற்றியே பேசுகிறார். மிகினும் குறையினும் நோய் என்பது அவர் கருத்து. மிகுதியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம்; குறைவையும் கவனிப்போம்.